கரகரப்பு

ஷிவ்கோவின் குரல் கெட்டுப்போன குளிர்காலத்தில் எங்கள் சுரங்க ஊரான ருத்னாவில் காப்பித்தூள் கிடைக்கவில்லை. மின்சாரமும் முறை வைத்துத்தான் வந்தது. ஒருநாள் ஆற்றுக்கு இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம். வறுத்த பார்லியைப் பொடித்துக் காப்பி என்று குடித்தோம். தாமிர உலையின் புகை மலையிலிருந்து இறங்கி வந்தால் கொடியில் கிடக்கும் துணியை ஓடிப்போய் எடுப்போம். எடுக்காமல் விட்டால் பெண்களின் காலுறையில் பொத்தல் விழும்.

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் ஸ்தமேனா கிழவி இருந்தாள். புருஷனைச் சுரங்கம் தின்றுவிட்டது. இரண்டு மகன்கள். மூத்தவன் ஷிவ்கோ, உலையில் கிரேன் ஓட்டுகிறவன். உருகிய தாமிரம் ததும்பும் கொப்பரையை ஆள் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்க்கிற வேலை. புகை எல்லாம் முதலில் அவன் கூண்டுக்குத்தான் போகும். அதற்காக ஆலையில் தினம் ஒரு பாட்டில் பால் கொடுப்பார்கள். அதை அவன் குடிக்காமல் பெண்டாட்டி தெசாங்காவுக்குக் கொண்டுவருவான். அவள் சுரங்க உணவுக்கூடத்தில் சமையல் வேலை செய்தாள். இளையவன் மோமிர் கலாமன்றத்தில் மேடை விளக்கு பார்த்தான். வேலை என்னவோ விளக்கு. உயிர் முழுக்கக் கிட்டார்.

அண்ணனும் தம்பியும் நடத்திய பாட்டுக்குழுவின் பெயர் 'கந்தகம்'. ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற கிளிகோர் டிரம்ஸ், உலையிலேயே பற்றவைப்பு வேலை செய்த ஓர் ஊமைக்கோட்டான் பேஸ் கிட்டார். முதல் இசைத்தட்டில் எல்லாமே ஓட்டம். நாய் துரத்துகிற மாதிரி ஓடுவார்கள். அந்த ஓட்டத்துக்கு மேலே ஷிவ்கோவின் குரல் சாணைக்கல்லில் கத்தி பட்ட மாதிரி தீப்பொறியாகப் பறக்கும். பெல்கிரேடுப் பத்திரிகை ஒன்று 'சுரங்க ஊரிலிருந்து ஒரு சேவல்' என்று எழுதியது. அன்றிலிருந்து ஊரில் அவன் பெயரே சேவல்தான்.

அவர்கள் வாசித்தது எங்கள் கட்டடத்து நிலவறையில். ஒரு பக்கம் நிலக்கரி, ஒரு பக்கம் வீட்டுக்கொன்றாக முட்டைக்கோஸ் புளிக்கவைத்த பீப்பாய்கள். நடுவில் இவர்கள். மூன்றாம் மாடி விதவை ஒருத்தி கரண்டியால் புகைக்கூண்டைத் தட்டி, நிறுத்தச் சொல்லிக்கொண்டே இருப்பாள். புகைக்கூண்டு வழியாகக் கீழே பேசுவது மேலே கேட்கும், மேலே தட்டுவது கீழே கேட்கும். எங்கள் கட்டடத்தில் ரகசியம் தங்காது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, கரி அள்ள நான் வாளியோடு இறங்கியபோது ஷிவ்கோ ஓர் உச்ச சுரத்தைப் பிடிக்கப் போய்த் தவறவிட்டான். மறுபடி போனான், தவறியது. மூன்றாம் தடவை தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"என்னண்ணே, சேவலுக்குச் சளியா?" என்றான் கிளிகோர்.

"மூடிட்டு அடிடா மாவு மூட்ட."

"நான் அடிக்கிறேன். நீ கூவணுமே."

மோமிர் சிரிக்கவில்லை. கிட்டாரின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திச் சுதியை இறக்கிக்கொண்டிருந்தான். கம்பிகள் தொய்ந்து மரத்தில் பட்டு அதிர்ந்தன.

"அண்ணே, மேல ஏறாத. கீழயே நில்லு. பேசற மாதிரி பாடு."

"பேசறதுக்கே எரியுதுடா."

"எரியட்டும். எரியறதோட பாடு. கிளிகோர், பாதி வேகம்."

"பாதி வேகமா? எதுக்கு, எவன் செத்தான்? சவ ஊர்வலமா?"

"ஆமா. அதேதான். சவத்துக்குப் பின்னாடி நடக்கிற மாதிரி அடி."

கிளிகோர் முனகிக்கொண்டே அடித்தான். இரண்டு அடிக்கு நடுவில் ஒரு மனிதன் குனிந்து நிமிரலாம், அவ்வளவு இடைவெளி. அந்த இடைவெளியில் கிட்டார் சேறு மாதிரி இறங்கியது. பீப்பாய்களின் மூடிகள் நடுங்கின. அதற்கு மேலே ஷிவ்கோ வாயைத் திறந்தான். அது சேவலின் குரல் இல்லை. கூரை இடிந்த சுரங்கத்துக்குள்ளிருந்து ஒருவன் இன்னும் உயிரோடிருக்கிறேன் என்று சொல்கிற குரல். என் கையில் வாளி இருந்தது, மேலே அடுப்பு அணைந்துகொண்டிருந்தது, நான் நகரவில்லை. எனக்குப் பின்னால் படிகளில் கட்டடத்துக்காரர்கள் ஆளுக்கொரு வாளியோடு நின்றார்கள். மூன்றாம் மாடிக் கரண்டி அன்றைக்குத் தட்டவில்லை.

பாட்டு முடிந்ததும் கிளிகோர் கையைப் பார்த்தான். மயிர் குத்திட்டிருந்தது. "எழவே," என்றான், மெதுவாக.

"இதுதான்டா," என்றான் மோமிர். "நம்ம ரெண்டாவது தட்டு இதுதான்."

அதற்குப் பிறகு எல்லாப் பாட்டும் அந்தக் குரலுக்காகவே பிறந்தன. குரல் இன்னும் கரகரத்தது, பாட்டு இன்னும் மெதுவாயிற்று. குரல் ஒரு படி இறங்கினால் மோமிர் சுதியை ஒரு படி இறக்கினான். கோடையில் தண்ணீர் இறங்க இறங்கக் கிணற்றை வெட்டிக்கொண்டே போவார்களே, அந்த மாதிரி. தண்ணீர் ஏன் இறங்குகிறது என்று யாரும் கேட்கவில்லை, தெசாங்காவைத் தவிர.

மார்ச்சில் அவள் அவனை இழுத்துக்கொண்டு மாவட்ட மருத்துவமனைக்குப் போனாள். ஒரு பெண் டாக்டர் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தாள். குரல்நாணில் ஒரு கட்டி இருக்கிறது, நல்லதாகத் தெரியவில்லை, பெல்கிரேடில் அறுக்க வேண்டும் என்றாள்.

"உலைப் புகையாலயா டாக்டர்?" என்று தெசாங்கா கேட்டாள்.

"புகை, சிகரெட், கத்தறது. எதுன்னு நான் எப்படிம்மா சொல்ல? ஒரு பக்கம்தான் இருக்கு. இப்பவே எடுத்தா குரல் கொஞ்சம் மாறும், தொண்டை பிழைச்சிரும். வரிசையில பேரு எழுதறேன். பெட்டு காலியானா போன் வரும். அதுவரைக்கும் பாடக்கூடாது, புகைக்கக்கூடாது. உங்க போன் நம்பர்?"

எங்கள் கட்டடத்தில் போன் கிடையாது. தெசாங்கா, கொழுந்தன் வேலைசெய்த கலாமன்றத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டில் புகைபோட்ட விலா எலும்போடு பீன்ஸ் கொதித்தது. வாசனையும் பேச்சும் சேர்ந்தே மேலே வந்தன.

"அண்ணி, கட்டின்னாங்க, அவ்வளவுதான? நம்ம பக்கத்துல எவனுக்குக் கட்டி இல்ல?" இது மோமிர்.

"உனக்கு மண்டைக்குள்ள இருக்கு. அத அறுக்க டாக்டர் இல்ல."

"ஏப்ரல் கடைசியில ஸ்டுடியோ. மூணு வாரம். அவ்வளவுதான் கேக்கறேன். அப்புறம் அறுக்கட்டும், தைக்கட்டும், என்ன வேணா பண்ணட்டும்."

"நீ கேக்கறது வாரம் இல்லடா. அவன் தொண்டைய."

"ஆறிப்போகுது, சாப்பிடுங்க," என்றாள் ஸ்தமேனா. பிறகு அவளே, "எங்கப்பா இருபது வருஷம் ரத்தம் துப்பிட்டே சுரங்கத்துக்குப் போனாரு. மூணு வாரத்துல யாரும் செத்துர மாட்டாங்க. இந்தத் தட்டு ஓடிச்சுன்னா ரெண்டு பேரும் இந்தப் புகைய விட்டுப் போயிருவீங்க. எனக்கு அது போதும்."

"அத்தே, உங்க வாயில அந்த வார்த்தையே வரக்கூடாது."

"எந்த வார்த்த? சாவா? நான் அதோடதான் படுத்து எந்திரிக்கிறேன்."

அப்புறம் ஷிவ்கோ பேசினான். அவன் குரல் அப்போதே புகைக்கூண்டில் ஏறச் சிரமப்பட்டது.

"சண்ட வேணாம். பெட்டு வந்துச்சுன்னா போறேன். ஸ்டுடியோவுக்குள்ள இருந்தாலும் எந்திரிச்சுப் போறேன். வரலன்னா பாடறேன். ரெண்டுல எது முன்னாடி வருதோ அது. சரியா தெசாங்கா?"

அவள் பதில் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. மோமிர், "சரி அண்ணே, நீ சொன்னபடி," என்றது கேட்டது.

ஏப்ரல் முழுக்க தெசாங்கா தினம் மோமிரிடம் கேட்டாள். வேலை முடிந்து அவன் வாசலில் காலணியைக் கழற்றும்போதே கேட்பாள்.

"போன் வந்துச்சா?"

"இல்ல அண்ணி."

"நீ வெளிய போயிருந்தப்ப?"

"சொல்லி வெச்சிருக்கேன். வந்தா எழுதி வெப்பாங்க. பெல்கிரேடு ஆஸ்பத்திரி அண்ணி, அங்க மந்திரி மச்சானே வரிசையில நிக்கறானாம்."

ஏப்ரல் கடைசியில் கிளிகோருடைய மாமனின் ரொட்டி வண்டியில் ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். தெசாங்கா ஒரு பெரிய பாட்டிலில் தேனும் முள்ளங்கிச் சாறும் கலந்து கொடுத்தனுப்பினாள். அந்தப் பாட்டில் மூடி திறக்காமல் திரும்பி வந்தது.

ஸ்டுடியோவில் நடந்ததைக் கிளிகோர் பின்னால் ஒருநாள், ரொட்டிக்கடைப் பின்கட்டில் மாவுக்கையோடு உட்கார்ந்து எனக்குச் சொன்னான்.

"ரெண்டு நாள் சும்மா இருந்தா குரல் கொஞ்சம் தெளிஞ்சிரும். நல்ல விஷயம்தான? மோமிருக்கு மூஞ்சி சுருங்கிரும். 'அண்ணே, ரொம்ப சுத்தமா இருக்கு, வானொலிப் பாட்டு மாதிரி இருக்கு'ம்பான். பிளம் சாராயத்த ஊத்துவான், சிகரெட்டப் பத்தவெச்சு அவனே வாயில வெப்பான். வராந்தாவுல நிக்கவெச்சுக் கத்தச் சொல்லுவான். கரகரப்பு வந்தப்புறம்தான் மைக்கு முன்னாடி விடுவான்."

"ஷிவ்கோ ஒண்ணும் சொல்லலியா?"

"என்ன சொல்லுவான்? கேட்டுப் பாக்கும்போது அவனே கண்ணுல தண்ணியோட உக்காந்திருப்பான். அவ்வளவு நல்லா இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் பிடிச்சிருந்துச்சு. அந்தக் கடைசிப் பாட்டு இருக்கே, அத ஒரு தடவ பாடிட்டுக் கைக்குட்டையில துப்பினான். செவப்பா இருந்துச்சு. மோமிர் பாத்தான். நான் அவன் பாக்கறதப் பாத்தேன். பாத்துட்டு, 'இன்னொரு தடவ, அண்ணே'ன்னான். தட்டுல இருக்கறது அந்த இன்னொரு தடவதான்."

ஜூனில் பெல்கிரேடிலிருந்து போன் வந்தது. இந்த முறை மோமிர் ஓடிவந்து சொன்னான். அறுத்துப் பார்த்தவர்கள் கட்டி இரண்டு பக்கமும் பரவி அடியில் இறங்கிவிட்டது என்று குரல்வளையையே முழுதாக எடுத்துவிட்டார்கள். "ஏப்ரல்ல வந்திருந்தா ஒரு பக்கத்தோட போயிருக்கும்," என்றாராம் அங்கே ஒரு டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே. வரிசை அப்படி, நம் தலையெழுத்து அப்படி என்று தெசாங்கா நினைத்துக்கொண்டாள்.

ஷிவ்கோ கழுத்தில் ஓட்டையோடு திரும்பி வந்தான். மூச்சு அதன் வழியாகப் போய் வந்தது. இருமினால் அதன் வழியாகத்தான் இருமல். தெசாங்கா வெள்ளைத் துணியில் சின்னச் சின்னக் கழுத்துப்பட்டை தைத்துக் கட்டிவிட்டாள். சத்தம் போயிற்று, உதடு மட்டும் அசையும். யாரையாவது கூப்பிட விரல் முட்டியால் மேசையைத் தட்டுவான். அவன் உதட்டைப் படிக்கத் தெசாங்கா ஒருத்திதான் கற்றுக்கொண்டாள். கிழவிக்குக் கண் மங்கல். மோமிருக்கு நேரமில்லை.

நேரமில்லாததற்குக் காரணம் இருந்தது. செப்டம்பரில் 'கீழ்த்தளம்' என்ற பெயரில் இரண்டாவது தட்டு வந்தது. குளிர் வருவதற்குள் நாடு முழுக்க அதுதான். பேருந்தில், மதுக்கடையில், படைமுகாமில், கல்யாணத்தில்கூட ஷிவ்கோவின் எரிந்த குரல். 'இவர்கள் ஓடுவதை நிறுத்திவிட்டு நடக்கக் கற்றுக்கொண்டார்கள்' என்று எழுதினார்கள். ஷிவ்கோ ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். தெருவில் பையன்கள் அவன் குரலைக் கரகரவென்று நடித்துக் காட்டிக்கொண்டு போவார்கள். சிலர் திரும்பிப் பார்த்துக் கையாட்டுவார்கள். அவனும் ஆட்டுவான்.

அடுத்த மே மாதம், புனித ஜார்ஜ் திருநாள். அந்தக் குடும்பத்தின் காவல் புனிதர் அவர்தான். அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை, வருகிறவனுக்குக் கதவு திறந்திருக்கும். நானும் என் மனைவியும் போனோம். கிளிகோர் இருந்தான். மேசையில் மெழுகுவத்தி எரிந்தது, வேகவைத்த இனிப்புக் கோதுமையும் வட்ட ரொட்டியும் இருந்தன. ஆட்டுக்குட்டி முழுதாகச் சுட்டிருந்தார்கள். ஷிவ்கோவுக்கு மட்டும் தெசாங்கா கறியைப் பொடிப்பொடியாக நறுக்கிச் சாற்றில் ஊறவைத்திருந்தாள்.

மோமிர் நோவி சாத் நகரத்துப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞனை அழைத்து வந்திருந்தான். பெயர் ரெல்யா. நல்ல வளர்ப்பு. கிழவியின் கையை முத்தமிட்டான், ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்திருந்தான். கோடையில் ஊர் ஊராகப் போகிற கச்சேரிகளில் அவன்தான் பாடப்போகிறான்.

சாப்பாட்டுக்கு நடுவிலேயே மோமிர் ஆரம்பித்தான்.

"அண்ணே, இவன் குரல் நல்லா இருக்கு. ஆனா அந்தக் கரகரப்பு தொண்டையிலயே நிக்குது, உள்ளேருந்து வரல. நீ கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

தெசாங்கா தட்டை மேசையில் வைத்தாள். "எப்படிச் சொல்லுவான்? உன் காதுல விசிலடிப்பானா?"

"அண்ணி, திருநாளும் அதுவுமா..."

"கொல்லன் தெருவுல ஊசி வித்தவன் கேட்டிருக்கேன். கால் வெட்டினவன்கிட்ட நடை கத்துக்க வந்தவன இப்பத்தான் பாக்கறேன்."

ஷிவ்கோ மேசையைத் தட்டினான். பாடச் சொல்லிக் கையைக் காட்டினான்.

மோமிர் மூலையிலிருந்த கிட்டாரை எடுத்து வாசித்தான். ரெல்யா எழுந்து நின்று அந்தக் கடைசிப் பாட்டைப் பாடினான். கழுத்து நரம்பு புடைக்க, கஷ்டப்பட்டுக் குரலைக் கெடுத்துக்கொண்டு பாடினான். ஷிவ்கோ இரண்டு வரி கேட்டுவிட்டுத் தலையாட்டி நிறுத்தினான். எழுந்து போய் அவன் விலாவுக்குக் கீழே முஷ்டியை வைத்து அழுத்தினான். இங்கேயிருந்து, என்கிற மாதிரி. அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து மூச்சை இழுத்துக் காட்டினான். கழுத்துப்பட்டை உள்ளே போய் வெளியே வந்தது. பையன் முகம் வெளுத்தாலும் கையை எடுக்கவில்லை. மறுபடி பாடினான். இப்போது கொஞ்சம் வந்தது. ஷிவ்கோ அவன் கன்னத்தைத் தட்டினான். என் மனைவி தலைக்குட்டை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரெல்யாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. ஒரு கோப்பை வைனை ஷிவ்கோவுக்கு நேராகத் தூக்கினான்.

"அண்ணே, உங்க மாதிரி ஒருத்தரு இனிமே பொறக்கணும். பாட்டுக்காக எவன் அந்த மாதிரி பண்ணுவான்? பெட்டு காலியா இருக்கு வாங்கன்னு ஆஸ்பத்திரியில கூப்பிடறான். வேணாம், வேற யாருக்காவது குடுங்க, நான் பாடப் போறேன்னு சொன்னீங்களாமே. அதக் கேட்டு நான் அழுதுட்டேன்."

ஷிவ்கோ அவனைப் பார்த்தான். தெசாங்கா கேட்டாள்:

"எந்தப் பெட்டு?"

"அதான்... ஏப்ரல்ல வந்துச்சே. கலாமன்றத்துக்குப் போன்." பையன் மோமிரைத் திரும்பிப் பார்த்தான். "நீங்கதான சொன்னீங்க?"

கிளிகோர் முள்கரண்டியைக் கீழே வைத்தான். மோமிர் கிட்டாரின் ஒரு திருகைத் திருகிக்கொண்டிருந்தான்.

"வந்துச்சா, மோமிர்?"

"ஒரு மாசம்தான்னு நெனச்சேன் அண்ணி."

"நான் தினம் கேட்டேனே. வாசல்லயே நின்னு கேட்டேனே."

"அந்தக் குரல் அப்பதான் இருந்துச்சு. அறுத்திருந்தா போயிருக்கும். நீங்களே கேட்டீங்கல்ல, அது எப்படி இருந்துச்சுன்னு? ஒரு மாசம் தள்ளினா என்னன்னு... எனக்கென்ன அண்ணி, டாக்டருக்கா படிச்சேன்?"

"விருந்தாளி இருக்காங்க," என்றாள் ஸ்தமேனா. "மெழுகுவத்தி எரியுது. முடிஞ்சதப் பேசாதீங்க."

தெசாங்கா மெல்ல அவள் பக்கம் திரும்பினாள். "அத்தே, உங்களுக்குத் தெரியுமா?"

கிழவி கறியை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டி முடிந்த துண்டையே மறுபடி வெட்டினாள்.

ஷிவ்கோ முட்டியால் மேசையைத் தட்டினான். தெசாங்காவின் முகத்தைப் பார்த்து உதட்டை அசைத்தான். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக. கழுத்துப்பட்டைக்குள் காற்று உஸ்ஸென்று வந்து போவது மட்டும் எங்களுக்குக் கேட்டது. முடித்துவிட்டுத் தம்பியின் பக்கம் கையைக் காட்டினான். அவனிடம் சொல், என்று.

அவள் சொல்லவில்லை.

"என்ன சொல்றான்?" என்றான் மோமிர். அவன் எழுந்து நின்றிருந்தான். "அண்ணி, என்ன சொல்றான்? சொல்லுங்க அண்ணி, உங்க கால்ல விழறேன்."

"வெளிய போங்கறான்," என்றாள் தெசாங்கா. "இந்த வாசலை இனிமே மிதிக்கக்கூடாதாம். அவன் செத்தாலும் நீ வரக்கூடாதாம்."

எல்லோரும் ஷிவ்கோவைப் பார்த்தோம். அவனுக்குப் போனது தொண்டைதான், காதில்லை. மோமிர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒரு சின்ன அசைவுக்காகக் காத்து நின்றான். ஷிவ்கோ ரொட்டியைக் கிள்ளி, கறிச்சாற்றில் தோய்த்து, நன்றாக ஊறட்டும் என்று விட்டுவைத்தான்.

மோமிர் கிட்டாரை எடுத்துக்கொண்டு போனான். பையன், "நான் தப்பா... மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க," என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினான். கிழவி மெழுகுவத்தியை அணைக்கவில்லை. அது தானே எரிந்து முடிய வேண்டும்.

கோடையில் 'கந்தகம்' ஊர் ஊராகப் போயிற்று. ரெல்யாவுக்கு அந்தக் குரல் வந்துவிட்டது என்றார்கள். மோமிர் ருத்னாவுக்கு வரவில்லை. ஷிவ்கோ இன்னும் இரண்டு குளிர்காலம் இருந்தான். பிறகு கட்டி கழுத்தின் பக்கவாட்டில் முளைத்தது. மார்ச் மழையில் அவனைப் புதைத்தோம். கல்லறை வேலிக்கு வெளியே மோமிர் நின்றான். நீள முடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. உள்ளே வரவில்லை. தெசாங்கா அவனைப் பார்த்தாள், கூப்பிடவில்லை. ஸ்தமேனா மட்டும் சேற்றில் தட்டுத்தடுமாறிப் போய், இறந்தவனுக்காகச் சமைத்த கோதுமையை ஒரு காகிதத்தில் வைத்து வேலிக்கம்பிகளுக்கிடையே நீட்டினாள். அவன் அங்கேயே நின்று கையால் அள்ளிச் சாப்பிட்டான்.

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்து, பாத்திரம் கழுவும்போது தெசாங்கா என் மனைவியிடம் சொன்னாளாம்.

"அந்தத் திருநாள் அன்னிக்கு அவன் அப்படிச் சொல்லல."

"எப்படிச் சொல்லல?"

"'அவன விடு. பெட்டு வந்தது தெரிஞ்சிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். தட்டு நல்லா வந்திருக்கு, அவன்கிட்ட சொல்லு'ன்னான். எம் மூஞ்சியப் பாத்துச் சொன்னான். போயிருக்க மாட்டானாம். அத நான் என் வாயால சத்தமா சொல்லணுமாம், அவன் தம்பிக்கு."

என் மனைவி ஒரு தட்டைத் துடைத்து முடித்துவிட்டுக் கேட்டாளாம்: "நீ மாத்திச் சொன்னது அவனுக்குக் கேட்டுச்சே. இல்லன்னு ஒரு தலையசைப்புக்கூட இல்லையே. ஏன்னு நீ கேக்கலியா?"

"ரெண்டு வருஷம் பக்கத்துலயே படுத்திருந்தேன், கேக்கல," என்றாளாம் தெசாங்கா. "கேட்டா அவன் சொல்லுவான். அதையும் அவன் உதட்டுல நான்தான படிக்கணும்."